ட்ரம்மா, ரோட்டரா? சோயா உடைந்தால் நட்டம் யாருக்கு?

கடந்த சிறுபோக அறுவடைக்குச் சற்று முன்னர் என் தங்கையின் மகன் கடைக்கு வந்திருந்தான். சம்மாந்துறையில் மணம் முடித்தவன். ஒரு வெட்டு மெசின் வைத்து நெல் வெட்டிக் கொடுத்துக் கூலி எடுக்கிறான். அம்பாறையில் வேலை முடிந்ததும் மெசினை லொறியில் ஏற்றிப் பொலன்னறுவைக்கும் எங்கள் அநுராதபுரப் பக்கத்துக்கும் கொண்டு வருவான். நெல் முடிந்தால் மெசின் கொட்டிலில் படுத்துவிடும். லீசிங் தவணை மட்டும் படுக்காது.

"மாமா, சோயாவும் வெட்டினால் இன்னும் மூன்று கிழமை மெசின் ஓடும். இரண்டு மெசின் விலைக்கு வந்திருக்கிறது. ஒன்று ட்ரம், மற்றது ரோட்டர். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான்.

மெசின் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தானியம் வாங்கும் என்னிடம் ஏன் கேட்கிறாய் என்றேன். "விற்கிறவர் தன்னுடையதுதான் நல்லது என்பார். மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிறவர் நீங்கள்தானே" என்றான். பேச்சு நியாயமாகப் பட்டது. முப்பது வருடமாகக் கெக்கிராவையில் தானியம் வாங்கி விற்கிறேன். மெசினின் குணம் மெசினைப் பார்த்தால் தெரியாது, மூட்டைக்குள் கையை விட்டால் தெரியும். அவனுக்குச் சொன்னதையும், சொல்லத் தயங்கிய ஒன்றையும் இந்த வாரம் எழுதுகிறேன். சோயா வாங்குபவர், மெசின் வாடகைக்கு விடுபவர், வாங்க நினைப்பவர் எல்லோருக்கும் இதில் காசு இருக்கிறது.

நெல்லும் சோயாவும் ஒன்றல்ல

எங்கள் நாட்டில் சோயா அதிகம் விளைவது அநுராதபுர மாவட்டத்தில்தான். சிறுபோகத்தில் நீர் குறைவாக உள்ள வயல்களில் நெல்லுக்குப் பதிலாகச் சோயா போடுகிறார்கள். திரிபோஷவுக்கும் சோயா உணவு தயாரிக்கும் கம்பனிகளுக்கும் கோழித் தீன் ஆலைகளுக்கும் இந்தச் சோயாதான் போகிறது. பலர் இன்றும் செடியைக் கையால் பிடுங்கிக் காயவைத்துச் சூடடிக்கும் மெசினில் போடுகிறார்கள். கூலியாள் கிடைக்காத இந்தக் காலத்தில் வெட்டிச் சூடடித்துத் தூற்றித் தரும் மெசினுக்கு மாறுவதைத் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் நெல்லுக்கு ஓடிய மெசினை அப்படியே சோயாவுக்குள் இறக்குவதில்தான் தொல்லை. நெல்மணிக்கு உமி ஒரு சட்டை. அடி வாங்கினாலும் உள்ளே இருக்கும் அரிசி ஓரளவு தப்பும். சோயாவுக்கு அந்தச் சட்டை கிடையாது. நெற்று வெடித்ததும் மணி மெல்லிய தோலோடு வெளியே வந்துவிடும். அந்தத் தோலுக்குள் இரண்டு பருப்பு ஒட்டி நிற்கிறது. கடுமையாக ஒரு அடி விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். முளை இருப்பதும் தோலுக்கு ஒட்டினாற்போல்தான். வெளியே கீறல் தெரியாமலேயே முளை செத்துப்போகும். விதைக்கென்று வைத்த சோயா முளைக்காமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ட்ரம் என்பது என்ன?

மெசினுக்குள் மணியைப் பிரிக்கும் முறை அடிப்படையில் இரண்டுதான். பழையது ட்ரம் முறை. ஸ்கொட்லாந்துக்காரர் அன்ட்ரூ மெய்க்கிள் 1786 அளவில் செய்த சூடடிக்கும் இயந்திரத்திலிருந்து வந்த வழி இது. மெசினின் குறுக்கே ஓர் உருளை சுழலும். உருளையின் மேல் வரி வரியாக இரும்புச் சட்டங்கள் இருக்கும். கீழே வளைந்த கம்பித் தட்டு ஒன்று. செடி முன்னால் நுழைந்து, உருளைக்கும் தட்டுக்கும் இடையில் நசுங்கி, பின்னால் வெளியேறும். இந்தப் பயணம் உருளையின் கால்வாசிச் சுற்று அளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் மணியை வைக்கோலிலிருந்து உதறி எடுப்பதற்குப் பின்னால் நீளமான உதறு தட்டுகள் உண்டு.

இங்கே மணி பிரிவதற்குக் கிடைப்பது ஒரே சந்தர்ப்பம். அதனால் அடி பலமாக இருக்க வேண்டும். நெற்று கொஞ்சம் ஈரமாக இருந்தால் சாரதி வேகத்தைக் கூட்டுவார். வேகத்தைக் கூட்டினால் காய்ந்த மணி உடையும். குறைத்தால் ஈர நெற்று உடையாமல் பின்னால் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் மிக ஒடுக்கமானது.

ட்ரம் முறைக்கும் நல்ல பக்கம் உண்டு. இயந்திர வலு குறைவாகப் போதும். பச்சைத் தண்டும் ஈரக் களையும் வந்தாலும் அவ்வளவு லேசில் அடைக்காது. வைக்கோல் நீளமாக வெளியே வரும், மாட்டுக்குக் கட்டலாம். பழுது பார்க்கவும் எளிது.

ரோட்டர் என்பது என்ன?

ரோட்டர் முறையில் செடி உருளையைச் சுற்றிச் சுற்றி, திருகாணி போல நீளவாக்கில் நகர்ந்து போகும். ஒரு தரம் பலமாக அடிப்பதற்குப் பதிலாகப் பல தரம் மெதுவாகத் தேய்க்கிறது. மணியோடு மணியும் நெற்றோடு நெற்றும் உரசுவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பிரிந்த மணி கம்பித் தட்டின் வழியே உடனே கீழே விழுந்து விடுவதால் திரும்பத் திரும்ப அடி வாங்குவதும் குறைவு. உதறு தட்டுகள் தேவையில்லை.

அமெரிக்காவில் நியூ ஹொலண்ட் கம்பனி 1975இல் இரட்டை ரோட்டர் மெசினை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1977இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பனி ஒற்றை ரோட்டர் மெசினைக் கொண்டு வந்தது. சோளமும் சோயாவும் மாறி மாறிப் பயிரிடும் அந்நாட்டு விவசாயிகளிடம் இவை நன்றாக விலைபோனதற்கு மணி உடையாமல் வந்ததும் ஒரு காரணம். எங்கள் ஆசிய நெல் வயல்களுக்கும் இதே தத்துவம் வந்து சேர்ந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் சிறிய சூடடிக்கும் மெசினுக்கு இந்த முறையைப் பயன்படுத்தியது. இன்று இங்கே றப்பர் பட்டியில் ஓடும் நெல் வெட்டு மெசின்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவைதான். வித்தியாசம் என்னவென்றால், நெல்லுக்காக அந்த உருளையில் கூரான பற்கள் வைத்திருக்கிறார்கள். சோயாவுக்குப் பற்கள் அவ்வளவு நல்லதல்ல, தண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி மணியோடு கலந்துவிடும். தேய்க்கும் சட்டமே நல்லது.

ரோட்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும். வலு அதிகம் இழுக்கும், அதனால் டீசல் செலவு கூடும். பச்சைத் தண்டு வந்தால் கயிறு போலச் சுற்றிக்கொண்டு அடைத்துவிடும். அடைத்தால் அரைநாள் போய்விடும். சக்கை பொடியாவதால் சல்லடைக்குச் சுமை கூடும்.

இரண்டையும் சேர்த்து, முன்னால் ட்ரம், பின்னால் ரோட்டர் என்று செய்த கலப்பு மெசின்களும் உண்டு. ஜெர்மனியின் கிளாஸ் கம்பனி 1990களில் அப்படிச் செய்தது. அவை நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே துண்டாக வைத்திருப்பவர்களுக்கு உரியவை. எங்கள் வரம்புக்குள் திரும்பவே இடம் போதாது.

ஜப்பானியர் செய்த இன்னொரு வகை பற்றியும் ஒரு வார்த்தை. கதிரை மட்டும் உள்ளே விட்டுத் தாளை வெளியே சங்கிலியில் பிடித்துக்கொண்டு போகும் மெசின் அது. நெல்லுக்கு அழகான வேலை செய்யும். சோயாவுக்கு உதவாது. நெல்லில் மணி உச்சியில் இருக்கிறது, சோயாவில் நெற்று அடியிலிருந்து நுனி வரை தொங்குகிறது. ஜப்பானியரே சோயாவுக்குச் செடியை முழுதாக உள்ளே எடுக்கும் வேறு மெசின்தான் பாவிக்கிறார்கள். பழைய ஜப்பான் மெசின் மலிவாக வருகிறதென்று சோயாவை நினைத்து யாரும் வாங்கிவிட வேண்டாம்.

என் தீர்ப்பும் அதற்கு ஒரு நிபந்தனையும்

நேராகக் கேட்டால் நேராகச் சொல்கிறேன். சோயாவுக்கு ரோட்டர்தான் நல்லது. இது என் மூட்டை அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இரண்டு முறையையும் சோயாவில் ஓட்டிப் பார்த்து 1980இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொன்னது. ஒரே வேகத்தில் ஓட்டினால் ட்ரம்மை விட ரோட்டரில் உடைவு குறைவு.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. வேகம் கூடக்கூட இரண்டிலும் உடைவு கூடியது. மெசின் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கணக்கைப் பாருங்கள். 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 600 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 19 மீற்றர் வேகத்தில் போகிறது. 400 சுற்றுக்குக் குறைத்தால் 12.5 மீற்றர். அடியின் வலு வேகத்தோடு சமமாகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. எனவே 400க்கும் 600க்கும் இடையில் மணி வாங்கும் அடி ஒன்றரை மடங்கல்ல, இரண்டே கால் மடங்கு. நெல்லுக்கு வைத்த வேகத்தோடு சோயா வயலில் இறங்கும் ரோட்டர் மெசினை விட, வேகம் குறைத்து நிதானமாக ஓடும் பழைய ட்ரம் மெசின் நல்ல மணி தரும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஈரப்பதனும் அப்படித்தான். சோயா வெட்டுவதற்கு 13 முதல் 15 வீத ஈரப்பதன் நல்லது. 11க்குக் கீழே போனால் எந்த மெசினிலும் உடைவு ஏறும், நெற்று வயலிலேயே வெடித்துக் கொட்டவும் தொடங்கும். 18க்கு மேலே இருந்தால் மணி நசுங்கும். எங்கள் பக்கத்தில் ஆவணி புரட்டாதி வெயிலும் காற்றும் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு இருந்த நெற்று பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு நெற்று. காலையில் வைத்த வேகத்தைப் பிற்பகலில் மாற்றாத சாரதி, பிற்பகல் வெட்டிய மணியைக் கெடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

நன்றாகக் காய்ந்தால் நல்லதுதானே என்று விவசாயி நினைப்பார். 13 வீதத்தில் 1000 கிலோ இருந்த சோயா 9 வீதத்துக்குக் காய்ந்தால் 956 கிலோதான் இருக்கும். 44 கிலோ நீராகவே போய்விட்டது. அதற்கு மேல் உடைவு வேறு.

2019இல் நான் படித்த பாடம்

2019 சிறுபோகத்தில் ஒரே கிழமையில் 8 தொன் சோயா வாங்கினேன். அந்த முறை முதல் தடவையாக அதிகமானது மெசினில் வெட்டியதாக இருந்தது. தூசி இல்லை, கல் இல்லை, கையால் அடித்ததை விடப் பார்வைக்குச் சுத்தம். எனக்குச் சந்தோஷம். உடைவு இருந்தது, ஆனால் நான் பெரிதாக எடுக்கவில்லை. எல்லாம் ஒரே விலை, எல்லாம் ஒரே குவியல்.

கொழும்புப் பக்கம் ஒரு உணவுக் கம்பனிக்கு லொறி போனது. அங்கே மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு, உடைவு கூட, தீனுக்கென்றால் எடுக்கலாம் என்றார்கள். கிலோவுக்குப் பத்து ரூபா குறைவு. லொறி வாசலில் நிற்கிறது, வாடகை ஏறுகிறது, வேறு வழியில்லை. 8000 கிலோவுக்கு 80,000 ரூபா அன்று அந்த வாசலில் போனது. கம்பனியில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. உடைந்த மணிக்குத் தோல் காப்பு இல்லை. சோயாவில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். காற்றுப் பட்டால் அது சிக்கல் வாடை அடிக்கும், வைத்திருக்க வைத்திருக்கக் கெடும். எண்ணெய் பிழிபவருக்கு அது பெரிய விடயமல்ல. அமெரிக்கத் தர நிர்ணயத்தில் முதல் தரச் சோயாவிலேயே 10 வீதம் வரை உடைவுக்கு இடமுண்டு, இரண்டாம் தரத்தில் 20 வீதம் வரை. ஏனென்றால் அங்கே பெரும்பகுதி உடனே ஆலைக்குப் போகிறது. முழு மணியை வறுத்து, அவித்து, மாவாக்கி மனிதர் உண்ணக் கொடுப்பவர் அப்படி வாங்க மாட்டார். விதைக்கு வாங்குபவர் கிட்டவே வரமாட்டார்.

திரும்பி வந்து நான் முதலில் திட்டியது மெசின் சாரதியை. இரண்டாவதாக விவசாயியை. ஒரு மாதம் கழித்துத்தான் மூன்றாவது ஆளைப் பற்றி யோசித்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முன்வாயில் கொட்டும் காசு

ட்ரம்மா ரோட்டரா என்று பேசிக்கொண்டிருக்கும்போது மறந்துவிடும் ஒன்று உண்டு. சோயா அறுவடையில் மெசினால் வீணாகும் மணியில் மிகப் பெரிய பங்கு சூடடிக்கும் இடத்தில் போவதில்லை, முன்னால் வெட்டும் வாயில்தான் போகிறது. அமெரிக்க விவசாய விரிவாக்கப் பிரசுரங்கள் இதை ஏறக்குறைய 80 வீதம் என்று சொல்கின்றன. கத்தி உயரமாக ஓடினால் அடி நெற்றுத் தண்டோடு வயலில் நின்றுவிடும். செடியைச் சாய்க்கும் சுழல் சட்டம் வேகமாக அடித்தால் நெற்று கத்திக்கு வருமுன் வெடித்துவிடும்.

அளப்பதற்கு இலகுவான வழி இருக்கிறது. மெசின் போன இடத்தில் ஓரடிக்கு ஓரடி சதுரம் போட்டு விழுந்த மணியை எண்ணுங்கள். நாலு மணி இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 27 கிலோ நிலத்தில் கிடக்கிறது. பன்னிரண்டு மணி இருந்தால் 80 கிலோவுக்கு மேல். ஏக்கருக்கு 700 கிலோ விளைந்ததென்று வைத்துக்கொண்டால் அது பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். சில சதுரங்களில் எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் சரியாக இருக்கும்.

நெல் மெசினின் வெட்டுவாய் விறைப்பானது, நிலத்தின் மேடு பள்ளத்தோடு வளையாது. சோயாவுக்கென்று வளைந்து கொடுக்கும் வெட்டுவாய்கள் வெளிநாட்டில் உண்டு. இங்கே அது கிடைக்காவிட்டாலும் வேகத்தைக் குறைக்கலாம். மணிக்கு 5 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது. சாய்க்கும் சட்டம் மெசின் நகரும் வேகத்தை விடக் கால்வாசி கூடுதலாக ஓடினால் போதும். மண்கட்டியையும் கல்லையும் அள்ளாத அளவுக்குக் கத்தியைத் தாழ்த்த வேண்டும். மண் பட்ட மணிக்கும் விலை குறையும்.

மெசின் வாங்கப் போகிறவருக்கு

மருமகனிடம் இந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கும் உதவலாம்.

ஒன்று, உருளையின் வேகத்தைக் குறைக்க வழி உண்டா? சிலவற்றில் ஆசனத்தில் இருந்தபடியே குறைக்கலாம். சிலவற்றில் கப்பியும் பெல்ட்டும் மாற்ற வேண்டும். அந்தக் கப்பி இங்கே கிடைக்கிறதா, விலை என்ன என்று வாங்குமுன் கேட்க வேண்டும். எஞ்சின் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எஞ்சின் குறைந்தால் காற்றாடியும் சல்லடையும் சேர்ந்து குறையும், குப்பை மணியோடு வரும்.

இரண்டு, உருளைக்கும் கம்பித் தட்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்ற முடியுமா? தட்டையே மாற்ற முடியுமா? நெல்லுக்கான நெருக்கமான கம்பியில் சோயா மணி சிக்கி, திரும்பவும் அடி வாங்கும்.

மூன்று, சல்லடையிலிருந்து சரியாகப் பிரியாதவை மறுபடி உருளைக்குப் போகும் வழியைத் திறந்து பார்க்க வேண்டும். சல்லடை ஒடுக்கமாக இருந்தால் நல்ல மணியும் திரும்பப் போய் இரண்டாம் முறை அடி வாங்கும். மணியை மேலே தூக்கும் திருகும் சங்கிலியும் தேய்ந்திருந்தால் அதிலும் உடையும். பாவித்த மெசினில் இதைத்தான் ஒருவரும் பார்ப்பதில்லை.

நான்கு, உதிரிப்பாகம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, பாகம் தேடி மெசினை மூன்று மாதம் நிறுத்தி வைத்தவர்களை நான் அறிவேன். முறை நல்லதென்று பாகம் இல்லாத மெசினை வாங்குவதை விட, பாகம் கிடைக்கும் இரண்டாம் தர மெசினை வாங்குவது புத்தி.

ஐந்து, சாரதி. சோயா வயலில் ஓடும்போது தொட்டிக்குள் கையை விட்டு 100 மணியை எண்ணச் சொல்லுங்கள். உடைவு கூட இருந்தால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். மெசினுக்குப் பின்னால் உடையாத நெற்று விழுந்தால் முதலில் இடைவெளியை ஒடுக்க வேண்டும், அது போதாவிட்டால்தான் வேகத்தைத் தொட வேண்டும். இந்த வரிசை தெரிந்த சாரதிக்கு ஆயிரம் ரூபா கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

கண்ணுக்குத் தெரியாத கீறலைப் பிடிக்கவும் வழி உண்டு. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, 100 முழு மணியைப் போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். தோலில் கீறல் உள்ள மணி இரண்டு மூன்று மடங்கு ஊதிவிடும். பத்துக்கு மேல் ஊதினால் மெசின் கடுமையாக அடித்திருக்கிறது. விதைக்கு வாங்குபவர் இதைச் செய்யாமல் வாங்கக் கூடாது. சோதித்த மணியைக் கொட்டிவிட வேண்டும், மூட்டையில் சேர்க்கக் கூடாது.

மூன்றாவது ஆள்

இனி, மருமகனிடம் சொல்லத் தயங்கியது. மெசின்காரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு வேகமாக ஓடுகிறாரோ அவ்வளவு வருமானம். வேகம் குறைத்து நிதானமாக ஓடினால் அவருக்கு ஒரு சதமும் கூடக் கிடைப்பதில்லை. விவசாயியும் ஏன் நிதானமாக ஓடச் சொல்லவில்லை? உடைந்தாலும் உடையாவிட்டாலும் தராசில் நிறை ஒன்றுதான். விலையும் ஒன்றுதான். அந்த விலையை வைப்பது யார்? நான்தான். என்னைப் போன்ற வியாபாரிகள்தான்.

நல்ல மணி கொண்டு வந்தவருக்கும் பாதி பருப்பாகக் கொண்டு வந்தவருக்கும் ஒரே விலை கொடுத்து, இரண்டையும் ஒரே குவியலில் கொட்டிக் கலந்து, சராசரியாக்கி ஏற்றிவிடுகிறோம். அது கம்பனி வாசலில் திரும்பி வரும்போது மெசினைத் திட்டுகிறோம். நாம் உடைவுக்கு விலை வைக்காதவரை எந்த ரோட்டரும் எந்த ட்ரம்மும் அதைத் திருத்தாது.

2020இல் நான் இரட்டை விலை வைத்துப் பார்த்தேன். உடைவு குறைந்த மணிக்குக் கிலோவுக்கு ஐந்து ரூபா கூட, உடைந்ததற்கு ஐந்து ரூபா குறைய. முதல் கிழமையே பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அங்கே எண்ணுவதில்லை. உடைந்ததெல்லாம் அங்கே போனது, நல்லதைக் கொண்டு வருபவரும் பழக்கத்தில் கூடவே போனார். அடுத்த போகத்தில் நானும் பழைய வழிக்கே திரும்பினேன். வெட்கம்தான், ஆனால் நடந்தது அது.

அதில் நான் விட்ட பிழை இரண்டு. தராசில் வைத்த பிறகு விலையைக் குறைத்தேன். அது விவசாயிக்கு அநியாயமாகத்தான் தெரியும். மெசினை ஓட்டியவர் அவரல்ல, வெட்டி முடிந்த பிறகு அவரால் திருத்தவும் முடியாது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே, "இப்படிக் கொண்டு வந்தால் இவ்வளவு கூடத் தருவேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவரே சாரதியின் பக்கத்தில் நின்று தொட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். இரண்டாவது பிழை, தனியாகச் செய்தது. ஒரு கடை மட்டும் எண்ணினால் எண்ணாத கடைக்குத்தான் வியாபாரம் போகும்.

ஆகவே கெக்கிராவை, கலாவெவ, கல்நேவ, தம்புத்தேகம பக்கத்தில் சோயா வாங்கும் வியாபாரச் சகோதரர்களுக்கு, தமிழ் பேசுபவரானாலும் சிங்களம் பேசுபவரானாலும், என் வேண்டுகோள் இது. அடுத்த போகத்துக்கு முன்னர் ஒரு நாள் கூடுவோம். 100 மணி எண்ணும் ஒரே முறையை எல்லாக் கடையிலும் வைப்போம். முழு மணிக்குக் கூட்டித் தரும் தொகையை முன்கூட்டியே அறிவிப்போம். உடைந்ததைத் தனியாகக் கட்டித் தீன் ஆலைக்கு அனுப்புவோம், நல்லதோடு கலக்க மாட்டோம். மெசின் வைத்திருப்பவர்களையும் கூப்பிட்டு, சோயாவுக்கு ஏக்கர் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து நிதானமாக ஓடச் சொல்வோம். கூட்டிக் கொடுக்கும் காசு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். என் 80,000 ரூபா எங்கே போனதோ அங்கிருந்துதான் வரும்.

மருமகன் கடைசியில் ரோட்டரைத்தான் எடுத்தான். கப்பி மாற்ற முடியுமா என்று கேட்டபோது விற்பவர் முதலில் விழித்தாராம், பிறகு தேடிக் கொடுத்தாராம். போன போகத்தில் என் கடைக்கு வந்த அவனுடைய முதல் லோட்டில் 100 மணி எண்ணினேன். ஆறு உடைந்திருந்தது. பிற்பகல் லோட்டில் பதினொன்று.

"மாமா, இரண்டு மணிக்குப் பிறகு வேகத்தைக் குறைக்கவில்லை, மறந்துவிட்டேன்" என்றான்.

இரண்டு லோட்டுக்கும் இரண்டு விலைதான் போட்டேன். தங்கை இன்னும் என்னோடு கோபம்.